குருநகரில் யாரும் தொடாத மீன் குழம்பு

இந்த வருடம் மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அம்மாவும் நானும் பருத்தித்துறையிலிருந்து குருநகருக்குப் போனோம். முப்பத்தைந்து கிலோமீற்றர்தான். ஆனால் அதற்குச் சம்மதிக்க அம்மாவுக்கு இரண்டு வருடம் எடுத்தது. நான் மணக்க விரும்புபவரின் வீடு அங்கே இருக்கிறது. அவரைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. கத்தோலிக்கர், மீன்பிடிக் குடும்பம், வேலை கொழும்பில். நாங்கள் சைவர்கள்.

“அந்த வீட்டில ஒருக்காக் கை நனைச்சுப் பாக்கிறன். பிறகு சொல்லுறன்” என்றிருந்தார் அம்மா. நாளையும் அவரே குறித்தார். வெள்ளி நல்ல நாளாம். நான் மணக்க விரும்புபவரின் தாய் ரீற்றா அன்ரி மறுப்புச் சொல்லவில்லை.

காலை எட்டரைக்கு நெல்லியடி ஊடாகப் போகும் பஸ் எடுத்தோம். ஆளுக்கு 140 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வல்லை வெளியைக் கடக்கும்போது வலப்பக்க யன்னல் கிடைத்தால் விடாதீர்கள், காற்று அப்படி. அந்த இடத்தில்தான் அம்மா என் காதுக்குள் சொன்னார்:

“மீன் வைச்சினமெண்டால் நான் தின்னப்போறன். நீ வாயைத் திறவாதை.”

“வெள்ளிக்கிழமையிலயோ அம்மா?”

“ஒரு வெள்ளி தவறினால் முருகன் கோவிக்கமாட்டார். அந்த மனிசி கோவிக்கக்கூடாது.”

எனக்குத் தெரிந்து அம்மா வெள்ளியில் மரக்கறி தவிர வேறெதையும் தொட்டதில்லை. அதன்பிறகு காற்று எனக்குச் சுகமாக இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இறங்கி, நேரம் இருந்ததால் கோட்டைக்கு நடந்தோம். போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்தது. முன்னவர் காலத்தில் கடற்கரை ஊர்கள் பல வேதத்தில், அதாவது கத்தோலிக்கத்தில், சேர்ந்தன. பின்னவர் கத்தோலிக்க வழிபாட்டையே தடைசெய்தார்கள். குருமார் ஒளித்துத் திரிந்தார்கள், சனங்கள் விடவில்லை. இதையெல்லாம் நிறைய வாசித்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அது உதவுமா என்றுதான் மதிலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோட்டை வாசலிலிருந்து குருநகருக்கு ஆட்டோ 500 ரூபாய். ஓட்டியவர் நசீர் அண்ணை. முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருக்காரர். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையாகப் புத்தளம் போய், வளர்ந்தபின் திரும்பி வந்தவர். அம்மா நீட்டிய தண்ணீர்ப் போத்தலை வாங்கவில்லை.

“நோன்பு, அக்கா. ரீற்றாக்கா வீட்டுக்கோ? அவவிட்டை மீன் வாங்காமல் எங்கடை வீட்டில பெருநாளே இல்லை.”

மூன்று மணிக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி எங்களை இறக்கிவிட்டார்.

வீட்டுக்குள் மாதா படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு, அதன் உச்சியில் சிலுவை. ரீற்றா அன்ரியின் கழுத்தில் தாலி, அதில் பரிசுத்த ஆவிக்கு ஒரு புறா. அம்மாவின் கண் அந்தத் தாலியில் கொஞ்ச நேரம் நின்றதைக் கண்டேன்.

மேசையில் சோறு, பருப்பு, நடுவில் ஒரு பெரிய சட்டி பாரை மீன் குழம்பு. அன்ரி அம்மாவின் சோற்றுக் கோப்பையில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார். அம்மா சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

“நீங்களும் இருங்கோவன்.”

“நான் பிறகு சாப்பிடுறன் அக்கா.”

“அப்பிடியெண்டால் நானும் பிறகுதான்.”

வேறு வழியின்றி அன்ரி உட்கார்ந்தார். சோறும் பருப்பும் மட்டும் போட்டுக்கொண்டார். அம்மா விடவில்லை.

“மீன் எடுக்கேல்லையோ?”

அன்ரி என்னைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார். “தவக்காலம் அக்கா. வெள்ளியில இறைச்சி மட்டுமில்லை, மீனும் எங்கடை வீட்டில சேர்க்கிறேல்லை.”

“அப்ப இது?”

“கடல்காரர் வீட்டுக்கு முதல்முதல் வாறவைக்குப் பருப்பும் சோறும் குடுக்கிறதோ? ஊர் சிரிக்கும்.”

அம்மா கையை எடுத்துவிட்டார். “பிள்ளை, நானும் வெள்ளியில மரக்கறிதான். உங்களுக்காக இண்டைக்குத் தின்னுவமெண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறன்!”

அன்ரி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். அம்மா இருமும்வரை சிரித்தார். வல்லை வெளியில் பிடித்துவைத்த மூச்சை நான் அப்போதுதான் விட்டேன்.

“உங்களுக்கெண்டு என்ன சமைச்சனீங்கள்?” என்று எழுந்த அம்மா பதிலுக்குக் காத்திராமல் குசினிக்குள் போனார். அடுப்பு மூலையில் மூடியிருந்த சின்னச் சட்டியோடு திரும்பினார். கத்தரிக்காய்க் குழம்பு. மூன்று பேருக்குக் காணாது. வழித்துச் சாப்பிட்டோம்.

மூன்று மணிக்கு ஹோர்ன் கேட்டது. அன்ரி மீன் சட்டியைத் துணியால் கட்டி ஆட்டோவுக்குள் வைத்து நடந்ததைச் சொன்னார். “நோன்பு திறக்கேக்கை தின்னு, தம்பி.”

“அப்ப இந்த வீட்டில இண்டைக்கு மீனைத் தவிர எல்லாரும் விரதம்” என்றார் நசீர் அண்ணை.

கோட்டை மதிலில் நான் யோசித்தது யார் யாரை மாற்றினார்கள் என்றுதான். மேசையில் கண்டது வேறு: ஒருத்தருக்காக மற்றவர் தன் விரதத்தை மறைக்கும் அளவுக்கு இந்தச் சனங்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். தொண்ணூறில் நசீர் அண்ணையின் தெருவே இல்லாமல் போனதும் இதே ஊரில்தான். அதையும் மறக்க முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கோட்டைக்குக் காலையில் போங்கள், வெயில் பொல்லாதது. குருநகர்த் தேவாலயத்துக்குள் போகத் தோள் மூடிய உடுப்பு நல்லது. நோன்பு மாதத்தில் ஆட்டோக்காரரை மாலை ஆறு மணிக்கு மறிக்காதீர்கள். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், என்ன சாப்பிடமாட்டீர்கள் என்பதை முதலே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா நெல்லியடி வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்தேன். கண்ணைத் திறக்காமல் சொன்னார்:

“கலியாணத்தை மட்டும் வெள்ளியில வையாதையுங்கோ. ஒருத்தரும் வடிவாச் சாப்பிடேலாது.”