ஞாயிற்றுக்கிழமைக்குள் மறைய வேண்டிய தடம்

கழுத்தில் பல் பதிந்த தடம் தானாக மறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நான் சொல்கிறபடி செய்தால் நாலாம் நாள் மஞ்சளாகி, ஆறாம் நாள் போய்விடும். அவசரப்பட்டுத் தேய்த்தால் இன்னும் கறுத்துப்போகும். இதெல்லாம் புத்தகம் பார்த்துச் சொல்வதில்லை. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. கை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

நீலசந்திராவில் நாங்கள் இருப்பது ஒரே கேட்டுக்குள் எட்டு வீடுகள். யாருக்குச் சுளுக்கினாலும், கதவிடுக்கில் விரல் நசுங்கினாலும், குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி புடைத்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. காபி கொடுத்தால் குடிப்பேன். என்னிடம் வந்த காயம் யாருடையது, எப்படிப் பட்டது என்று அடுத்த வீட்டுக்குத் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த மாதிரிக் காயத்தை முதலில் கொண்டுவந்தவள் மூன்றாம் வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். ஏப்ரல் மாத வெயிலில் துப்பட்டாவைக் கழுத்தில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தே, ஏதோ பூச்சி கடிச்சிடுச்சு."

"எடு, பாக்கலாம்."

எடுத்தாள். காதுக்குக் கீழே புளியங்கொட்டை நிறத்தில் இருந்தது.

"இந்தப் பூச்சிக்கு மீசை இருக்குமே" என்றேன்.

"போங்க அத்தே. மாமியார் நாளைக்கு ஊர்லருந்து வராங்க. பாத்தா என்னைத்தான் சொல்லுவாங்க."

"உன்னை எதுக்குச் சொல்லணும்? கடிச்சது அவங்க புள்ள."

"அவங்க புள்ள வாயில்லாப் பூச்சியாம். கல்யாணத்துக்கு முன்னாடியே எங்க அம்மாகிட்ட சொல்லிட்டாங்க."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் ஸ்பூனை ஃப்ரீசரில் வைத்தேன். முதல் இரண்டு நாளும் குளிர்ச்சிதான் கொடுக்க வேண்டும். ஸ்பூன் நன்றாகக் குளிர்ந்ததும் மெல்லிய துணியில் சுற்றி, பத்து நிமிஷம் ஒற்றி எடுக்க வேண்டும். வெறும் ஐஸை வைத்தால் தோல் வெந்துபோகும். மூன்றாம் நாளிலிருந்து வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி. படுக்கப் போகும்போது கற்றாழைச் சோறு. ரத்தக்கட்டுக்கு மூசாம்பரம் அரைத்துப் பற்றுப் போடுவது வழக்கம். ஆனால் அது கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தால் தெருவே நின்று விசாரிக்கும்.

மறைக்கிற வித்தையை எனக்குச் சொன்னவள் அந்தப் பெண்தான். பியூட்டி பார்லரில் வேலை பார்த்தவள். "வெறும் பவுடர் போட்டா சாம்பல் பூசுன மாதிரி தெரியும் அத்தே. மொதல்ல செகப்பு லிப்ஸ்டிக் ஒரு சொட்டு, அதைத் தட்டித் தட்டிப் பரப்பணும். அது மேல காம்பேக்ட் பவுடர்." அவள் மாமியார் வந்தார், நான்கு நாள் இருந்தார், ஊருக்குப் போனார். ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் என் மகளுக்கு நிச்சயம் வைத்தோம். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது. அதற்கு முன் இரண்டு இடம் கூடிவந்து நின்றுபோயிருந்தது. இது லிங்கராஜபுரத்துக் குடும்பம். பையன் தங்கமானவன். அவன் அம்மா மட்டும் கண்ணாலேயே எடை போடுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் ஃபேன் இறக்கையில் தூசி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். தூசி இல்லை. "நாலு பேரைக் கேட்டுட்டுத்தான் வந்தோம். உங்க வீட்டைப் பத்தி யாரும் ஒரு கொறை சொல்லல" என்றார். என் வீட்டைப் பற்றி யார் என்ன குறை சொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார்.

அவர் பீன்யாவில் லேத் மிஷினில் வேலை செய்தார். முப்பத்திரண்டு வருஷமாக அவர் உடம்பில் பட்ட காயம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். நகம் பெயர்ந்தது, இரும்புத் தூள் குத்தியது, முழங்கையில் சூடு பட்டது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நீட்டுவார். வாயால் சொல்லக்கூட மாட்டார். நானும் கேட்கமாட்டேன்.

அன்றும் அப்படித்தான். பையைக் கீழே வைத்தார். காலர் பட்டனைக் கழற்றி, கழுத்தைத் திருப்பி டியூப் லைட்டுக்குக் காட்டினார்.

"மிஷின் பெல்ட்டு அடிச்சிடுச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள போயிடுமா பாரு."

பார்த்தேன். மேலே நான்கு பல், கீழே மூன்று. நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. பட்டு இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது.

கழுத்தின் பின்பக்கமாக இருந்ததால் கண்ணாடியில் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. எரிந்திருக்கும், அவ்வளவுதான். எரிந்ததும் கால் அதன் பழக்கத்துக்கு வீட்டுக்கு நடந்துவந்து அவரை என் முன்னால் நிறுத்திவிட்டது. இதை மட்டுமாவது இவளிடம் கொண்டுபோகக் கூடாது என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

"போயிடும்" என்றேன்.

ஸ்பூனை ஃப்ரீசரில் வைத்தேன். உள்ளறையில் மகள் நிச்சயத்துக்கு வந்த பிளவுஸைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் இறுக்கம் என்றாள். பிரித்துத் தருகிறேன், உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருக்கிறார்கள் என்றேன். என் குரல் எப்போதும்போல இருந்தது.

அவரை ஸ்டூலில் உட்காரவைத்துப் பின்னால் நின்று ஒற்றினேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பத்து நிமிஷத்தில் விரல்கள் மரத்துப்போயின. மாற்றுக் கையால் பிடித்துக்கொண்டேன். யார் என்று கேட்கவில்லை. கேட்டால் ஒரு பெயர் வீட்டுக்குள் வந்துவிடும். வந்த பெயரை வெளியே அனுப்ப என்னிடம் வைத்தியம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையிலும் சாயங்காலத்திலும் ஒற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முடி வெட்டிக்கொள்கிறவர்போல. சனிக்கிழமை சாயங்காலம் சூட்டுக்கு மாற்றினேன். தடம் நாவல்பழ நிறத்திலிருந்து இறங்கி, ஓரத்தில் பச்சை பூத்தது. நல்ல ஆறல்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் வேண்டும்.

இதில் பெரிய சிக்கல் சந்தனம். எங்கள் பக்கத்தில் நிச்சயத்தட்டு மாற்றியதும் இரண்டு சம்பந்திகளும் ஒருவருக்கொருவர் கழுத்தில் சந்தனம் பூசிக் கட்டிக்கொள்வார்கள். காலரை விலக்கித்தான் பூசுவார்கள். பக்கத்தில் பையனின் அம்மா நிற்பார். ஃபேன் இறக்கையைப் பார்த்த கண்.

ஞாயிறு காலை மகளின் கைப்பையைத் திறந்து லிப்ஸ்டிக்கையும் காம்பேக்டையும் எடுத்தேன். அவளை அலங்கரிக்க மூன்றாம் வீட்டுப் பெண் வந்திருந்தாள். இரண்டு பேரும் உள்ளறையில் இருந்தார்கள். நான் இவரை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். லிப்ஸ்டிக்கைப் பார்த்ததும் இவர் பின்னால் நகர்ந்தார்.

"என்னாத்துக்கு இதெல்லாம்? பெல்ட்டு பட்டதுதானே. கேட்டா சொல்லிட்டுப் போறேன்."

"பெல்ட்டு பட்டதுன்னா அப்படியே போங்க. நான் வேணாங்கல."

அவர் தானே காலரை விலக்கிக்கொண்டு திரும்பி நின்றார். அவ்வளவுதான் நாங்கள் இதைப் பற்றிப் பேசியது. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

லிப்ஸ்டிக்கைத் தட்டித் தட்டிப் பரப்பினேன். மேலே காம்பேக்ட். மகள் என்னைவிட நிறம், இவரைவிட இன்னும் நிறம். கழுத்தில் வெளுப்பாகத் திட்டு விழுந்தது. அடுப்படியில் இருந்த காபித்தூளை விரல் நுனியில் கொஞ்சம் தொட்டுக் கலந்தேன். சரியாக வந்தது. அந்த நேரத்தில்கூட, சரியாக வந்ததே என்று மனசு சொல்லிற்று.

ஹாலில் தட்டு மாற்றினார்கள். பையனின் அப்பா சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். நான் முன்னால் போனேன்.

"அண்ணா, அவருக்குச் சந்தனம் ஒத்துக்காது. கழுத்துல பட்டா தடிச்சுக்கும். கையில பூசிடுங்க."

"அட, ஒரு நாளைக்குத் தடிக்கட்டும் தங்கச்சி. நாளைக்கு எங்க புள்ளையால எவ்ளோ தடிப்பு வரப்போவுதோ, இப்பவே பழகிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் இரண்டு கையிலும் சந்தனத்தை அள்ளி, காலரை விலக்கி, சரியாக அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தார். பவுடர் போயிற்று. உள்ளேயிருந்த லிப்ஸ்டிக் சந்தனத்தோடு கலந்து, கழுத்தில் செக்கச்செவேல் என்று ஒரு கோடு இழுத்தது.

பையனின் அம்மா எட்டிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதை நான் பார்த்தேன். என் கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அது ஆடவில்லை.

"என்னாங்க இது, குங்குமத்துல கைய வெச்சுட்டு சந்தனத்தை எடுத்தீங்களா?" என்று தன் புருஷனை அதட்டினார். "எதையும் ஒழுங்காச் செய்யத் தெரியாது இவருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "பரவாயில்ல அண்ணி, மங்களமாத்தான் இருக்கு" என்றார்.

"ஆமாம், மங்களம்தான்" என்றேன்.

போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார். சம்பந்திகள் இருவரும் கட்டிக்கொண்டு நிற்கிற படம், மஞ்சளும் சிவப்புமாக. மகள் வீட்டில் மாட்டியிருக்கிறாள். போகும்போதெல்லாம் அதற்குக் கீழேயுள்ள சோபாவில்தான் எனக்கு இடம் கொடுப்பார்கள். உட்காருவேன். மகளுக்கு இரண்டு பிள்ளைகள். சுகமாக இருக்கிறாள். காம்பேக்ட் எப்படிப் பாதியாயிற்று என்று ஒருநாள் கேட்டாள். கீழே விழுந்து உதிர்ந்துவிட்டது என்றேன்.

செவ்வாய்க்கிழமை தடம் சுத்தமாகப் போயிருந்தது. சொன்ன கணக்குதான்.

அதற்குப் பிறகு இவர் எனக்குக் காயம் எதையும் காட்டவில்லை. விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வருவார். சட்டைப்பையில் மெடிக்கல் ஷாப் டியூப் இருக்கும். துவைக்கப் போடும்போது எடுத்து அலமாரியில் வைப்பேன். ஒருமுறை உள்ளங்கையில் கட்டோடு வந்தார். யார் கட்டினார்கள் என்று தெரியாது. முடிச்சு நன்றாக இருந்தது. என்னிடம் கை நீட்டாமல் இருக்கிற வரைக்கும் அது நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். சமைத்தேன், பரிமாறினேன், மூன்றாம் வீட்டுப் பெண்ணின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை போனேன். வெளியே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

இவர் வேலையிலிருந்து நின்று மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு காலை, பால் பொங்குகிறதென்று துணி பிடிக்காமல் பாத்திரத்தை இறக்கிவிட்டார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நேரே என்னிடம் வந்து, ஒன்றும் சொல்லாமல், இரண்டு விரலை நீட்டினார்.

எத்தனை வருஷம் கழித்து. முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சந்தோஷம் வருகிறதா என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். அரிசித் தண்ணீர்தான் கையில் சில்லென்று இருந்தது.

"அலமாரியில டியூப் இருக்கு. நீங்க வாங்கினதுதான்."

போய் எடுத்துத் தூரப் பிடித்துப் படித்தார். "இது தேதி முடிஞ்சி போச்சே."

"அப்ப கொழாத் தண்ணியில காட்டுங்க. பத்து நிமிஷம் காட்டணும்."

வைத்தியத்தைச் சொன்னேன். கையைப் பிடிக்கவில்லை. அவர் குழாயைத் திறந்து விரலை நீட்டிக்கொண்டு நின்றார். நான் இரண்டாம் தண்ணீரை வடித்துவிட்டு, மூன்றாம் தண்ணீர் ஊற்றினேன்.

"பத்து நிமிஷம் ஆச்சா?"

"இன்னும் ஆவல" என்றேன்.