தார் ரோடு கேட்ட டயர்க்காரர்

பாலைவனத்தின் குறுக்கே ஓடுகிற எங்கள் பல்கூரி மண்பாதைக்குத் தார் போட வேண்டும் என்று இருபது வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவர் மெர்வ் ட்ரெசிடர். தார்ச்சாலைக் கோரிக்கைக் குழுவின் தலைவர் அவர்தான். அதே பாதையில் பஞ்சர் ஒட்டிப் பிழைப்பவரும் அவர்தான். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. அரசாங்கம் எதையும் செய்யாது என்பதில் மெர்வுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அவர் கோரிக்கை வைத்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய தகரக் கொட்டகைக்கு எதிரே பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கிறேன். என் பெயர் கோரலி. குழுவுக்குச் செயலாளர் நான். பாலைவனத்தைக் கடந்து வருகிறவன் டயர் கிழிந்து மெர்விடம் நிற்பான். மெர்வ் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, "எதிர்த்தாப்புல கோரலி கடையில மாவுக்குள்ள இறைச்சி வச்சுச் சுட்ட 'பை' ஒண்ணு சாப்பிட்டு வாப்பா, அவசரம் ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவைப்பார். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை அவர் கையில் மதியம் வரை இழுக்கும். பேராசையால் இல்லை. மனைவி டெல்மா கடற்கரை நகரத்துக்குக் குடிபோன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை பஞ்சர் ஆனவர்கள்தான். வந்தவனுடைய பிள்ளைகள், நாய், குடல் இறக்க ஆபரேஷன் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் சக்கரத்தை மாட்டுவார்.

பிறகு தேர்தல் வந்தது. ரோடு போடுகிறோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். என் கடையில் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் ஆயிற்றே, அவரும் தட்டித்தான் ஆக வேண்டும். மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் மொய் வைக்கிறவன் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

எல்லாரும் போன பிறகு என்னிடம் கேட்டார்: "ரோடு வழவழன்னு ஆயிட்டா என் கொட்டகையில எவன் கோரலி நிப்பான்?"

"அதை இருபது வருஷத்துக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"நான் கேட்டா குடுத்துடுவாங்கன்னு கனவா கண்டேன்?"

ஆனால் வேலை தொடங்கியதும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. தார் போடுவதற்கு முன் இருக்கிற பாதையைக் கொத்திக் கிளறிப் போட வேண்டுமாம். மாற்றுப்பாதை என்று பக்கத்தில் ஒன்றை வெட்டினார்கள். அதில் முழங்கால் ஆழத்துக்கு மாவு மாதிரி புழுதி, அதற்கு அடியில் கத்தி முனையாய்க் கல். மண்ணை இறுக்கத் தண்ணீர் லாரி வந்து நனைக்கும். சொட்டு மழை காணாத பூமியில் வண்டிகள் சேற்றில் சிக்கின. பிழைப்புக்கு அதைவிட நல்ல காலம் மெர்வுக்கு வந்ததில்லை. கொட்டகை வாசலில் வண்டிகள் வரிசை கட்டின, என் கடையில் இறைச்சி பை மதியத்துக்குள் தீர்ந்துபோனது. "வேலை நிதானமா நடக்கட்டும், தரம் முக்கியம்" என்று தலைவர் பேட்டி கொடுத்தார். இன்ஜினியர்கள் அவரைப் பெருந்தன்மையானவர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கேலன் டவுன் பக்கத்திலிருந்து முதல் பகுதிக்குத் தார் விழுந்துவிட்டது. அதைத் திறந்துவைக்க மந்திரி வருகிறார் என்றார்கள். ரிப்பன் வெட்டும்போது தலைவர் மெர்வ் பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு மெர்வின் பிக்கப் வண்டியில், பின்பக்கம் திறந்த தட்டில் நின்றபடி மந்திரி புது ரோட்டில் ஊர்வலம் போவார்.

அன்று காலை அந்தப் பிக்கப்பை எனக்கு அடையாளமே தெரியவில்லை. முப்பது வருடமாக அந்தத் தட்டில் இரண்டு ஸ்டெப்னி, ஜாக்கி, மண்வாரி, தண்ணீர் கேன், கம்ப்ரசர், செத்துப்போன நாயின் சங்கிலி எல்லாம் கிடக்கும். அன்று ஒன்றும் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, மந்திரி பிடித்துக்கொள்ள என் கடை நாற்காலி ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார் மெர்வ். கழுத்தில் டை.

"ஸ்டெப்னி எங்க?"

"தார் ரோட்டுத் திறப்புக்குப் போறவனுக்கு ஸ்டெப்னி எதுக்கு? டயர்க்காரனே ஸ்டெப்னியோட வந்தா, ரோட்டு மேல இவனுக்கே நம்பிக்கை இல்லன்னு பேசுவானுங்க."

"தார் வர்றதுக்கு முன்னாடி மண்ணு இருக்கே?"

"மண்ணு எனக்கு அத்துப்படி. ஏறு."

பொய் சொல்லக் கூடாது, மண்ணில் அவர் ஓட்டியது ஓட்டம்தான். எங்கே வேகம் எடுக்க வேண்டும், எங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும் என்று அந்த வண்டிக்கே தெரிந்திருந்தது. அடையாளத்துக்காகச் சிவப்புப் பெயின்ட் அடித்த பழைய ஃபிரிட்ஜ் கிடக்கிற திருப்பத்தில் இன்ஜினியர்கள் ஒரு சிக்னல் விளக்கு நட்டிருந்தார்கள். சிவப்பு எரிந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வண்டி இல்லை, ஒரு ஈ இல்லை. மெர்வ் நின்றார்.

"போயேன்யா. எதிர்ல யாரு வரப்போறா, ஒட்டகமா?"

"தலைவரே சிக்னலை மதிக்கலன்னா எப்படி?"

எதிரில் ஒட்டகம்தான் வந்தது. பச்சைக்குக் காத்திராமல் கடந்து போனது. அதன் பிறகும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

வழியில் இரண்டு இடத்தில் வண்டி நின்று கிடந்தது. இரண்டு முறையும் மெர்வ் நிறுத்தினார். எங்கள் பாதையில் நிற்கிற வண்டியைத் தாண்டிப் போகிற வழக்கம் கிடையாது. கல்யாணத்துக்கே போனாலும் இறங்கி, "எல்லாம் சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவோம். ஓடுகிற வண்டி எதிரில் வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். நின்றவனுக்கு விசாரிப்பு, ஓடுகிறவனுக்கு விரல், அவ்வளவுதான் எங்கள் நாகரிகம்.

தார் தொடங்கியது. சக்கரத்துக்கு அடியில் சத்தமே இல்லை. மெர்வ் வண்டியைத் தடவித் தடவி ஓட்டினார். "நல்லாத்தான் போட்டிருக்கானுங்க" என்றார், வயிற்றெரிச்சலோடு. கூப்பிடு தூரம் கூடப் போயிருக்க மாட்டோம். டப்பென்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ரோடு ரோலரிலிருந்து கழன்று விழுந்த போல்ட் ஒன்று டயருக்குள் தலைவரை வரவேற்றுக்கொண்டு நின்றது.

நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. மெர்வ், ஊர் வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற ரேடியோவை எடுத்தார்.

"யாராவது இருக்கீங்களாப்பா? மெர்வ் பேசறேன். புது ரோட்டுல பஞ்சர் ஆகி நிக்கறேன். ஒரு ஸ்டெப்னி வேணும்."

ரேடியோவில் சிரிப்பலை. "ஏன் மெர்வு, ரிப்பன் வெட்டுறதுக்குள்ளயே ரோட்டைக் குத்தம் சொல்ல ஆரம்பிச்சிட்டியா?" என்றது ஒரு குரல். "தார் ரோட்டுல டயர்க்காரனுக்குப் பஞ்சராம். சீக்கிரம் வந்து சேரு, இங்க விழாவுல சுட்டு வச்ச சாசேஜ் ஆறுது" என்றது இன்னொன்று. அதோடு சரி.

பண்ணைகளிலிருந்து விழாவுக்கு வருகிற வண்டிகள் பின்னால் வரத் தொடங்கின. மெர்வ் ரோட்டு நடுவில் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். முதல் வண்டியில் எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் பார்க்கின்சன். மண்ணில் தத்தித் தத்தி வந்தவர் தார் கிடைத்த குஷியில் பறந்து வந்தார். தலைவர் டை கட்டிக்கொண்டு வரவேற்கிறார் என்று நினைத்துக்கொண்டார். ஹாரனை நீளமாக அடித்து, விரலைத் தூக்கி, ஒதுங்கிப் போயே போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்த வண்டியில் பிள்ளைகள் கத்தினார்கள்: "சபாஷ் மெர்வ் மாமா!"

எல்லாரும் முகம் தெரிந்தவர்கள். அவரிடம் டயர் ஒட்டிக்கொண்டு, அவர் கதை கேட்டுக்கொண்டு, என் இறைச்சி பையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். மண்ணில் இவர் தும்மினால்கூட நின்றிருப்பார்கள். வழவழப்பு கண்ணை மறைத்துவிட்டது. வேறு என்ன சொல்ல?

டவுன் பக்கமிருந்து மந்திரியின் கறுப்புக் கார்கள் வரிசையாக வந்தன. தலைவரைக் காணோமே என்று தேடித்தான் வருகிறார்கள் என்று நம்பினோம். மந்திரி கண்ணாடியை இறக்கி அழகாகக் கையசைத்தார். தார் முடிகிற இடம் வரை போய்த் திரும்பி வந்தவர் மறுபடியும் கையசைத்தார். தட்டில் கட்டிய நாற்காலி அவரைப் பார்த்தபடி நின்றது.

மெர்வ் டையைத் தளர்த்திக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். "பாத்தியா கோரலி, ரோடு இன்னும் பாதி கூட முடியல. அதுக்குள்ள எவனும் நிக்கல." சொல்லிவிட்டு அழுதார். டெல்மா போன அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு செத்துப்போனது. அவர் பயந்துகொண்டிருந்தது வருமானம் போகும் என்றல்ல. தன்னைத் தேடி ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று பயந்துகொண்டிருந்தார். அந்தப் பயம் கண் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எந்திரி. வண்டியைப் பின்னால தள்ளுவோம்" என்றேன்.

"எங்க?"

"மண்ணுக்கு."

சரிவு எங்களுக்குச் சாதகமாக இருந்தது. நியூட்ரலில் போட்டு, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், சாய்ந்த சக்கரத்தோடு நொண்டி நொண்டித் தார் முடிகிற விளிம்பைத் தாண்டி இறக்கினோம். மூச்சு வாங்கி முடிக்கவில்லை, புழுதிக்குள்ளிருந்து ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் முக்கி முனகி வந்து பக்கத்தில் நின்றது. எங்கள் பக்கத்துப் பையன் க்ளைட் ஓட்டிக்கொண்டிருந்தான். உள்ளே அடைத்துக்கொண்டு அவன் அத்தைகள், பிள்ளைகள், மடியில் ஒரு நாய். முன் சீட்டில் ஐவி அத்தை. அந்த வட்டாரத்துக்கே அவர் அத்தைதான்.

"எல்லாம் சரியாண்ணே?" என்றான் க்ளைட்.

"டேய் மெர்வு, என்னடா கழுத்துல, கன்னுக்குட்டிக் கயிறு?" என்றார் ஐவி அத்தை. "ஊரு டயரெல்லாம் ஒட்டுறவன் ஸ்டெப்னி இல்லாமயா கிளம்புன? நல்லா வந்துட்ட போ! க்ளைட், நம்மளோடதை எடுத்து மாட்டுடா."

"அப்புறம் உங்களுக்கு வேணுமே அத்தை?"

"இனிமே தார்தானாமே, நீதான வாங்கிக் குடுத்த?"

ஒருவர் விடாமல் இறங்கி, ஆளுக்கொரு யோசனை சொல்லி, இருவர் போதும் என்கிற வேலையை எல்லாருமாகச் செய்தார்கள். மெர்வ் அவர்களிடம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நாயின் வயசு எல்லாம் விசாரித்தார். அவசரமே படவில்லை.

கேலன் போய்ச் சேர்ந்தபோது மந்திரியின் விமானம் கிளம்பிவிட்டது. ரிப்பனின் வெட்டிய துண்டுகள் கம்பத்தில் ஆடின. பார்க்கின்சன் ஓடி வந்து மெர்வின் முதுகில் தட்டினார். "ரோட்டுலயே நின்னு எல்லாரையும் வரவேத்தியே, பிரமாதம்யா!" ஆறிய சாசேஜ் இரண்டை ரொட்டியில் சுருட்டி வாங்கிக்கொண்டோம்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. புதுத் தாரின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார், பின்னால் கேரவன் என்கிற வீட்டுவண்டி கோர்த்தது, ஒதுங்கி நின்றிருந்தது. வயதான தம்பதி. மெர்வ் முகத்தில் காலையிலிருந்து காணாத வெளிச்சம். வண்டியை ஓரங்கட்டி, டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

"எல்லாம் சரியா? டயரா? நான் டயர்க்காரன்தான்."

காருக்குள் இருந்த அம்மாள் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். புழுதி அப்பிய டை, கிரீஸ் கை. கண்ணாடி மேலே ஏறியது. கதவுகள் பூட்டிக்கொண்ட சத்தம் பிக்கப்பில் இருந்த எனக்கே கேட்டது. கணவர் உள்ளிருந்து செல்போனைத் தூக்கிக் காட்டினார், சூரியனைப் படம் எடுக்க நின்றோம் என்பதுபோல. பிறகு 'போ, போ' என்று கையசைத்தார்.

மெர்வ் அவர்களுக்கு, ஓடுகிற வண்டிக்குத் தூக்குகிற அந்த ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார். மண் தொடங்குகிற இடம் வந்த பிறகுதான் டையைக் கழற்றினார்.