நாற்பது பதாகைகள்

மொன்றியல் டவுன்டவுனில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு சிறிய அச்சகத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பெரிய அச்சு இயந்திரம் என் பொறுப்பு. கணினியில் வடிவமைத்து, எழுத்துப்பிழை பார்த்து, கோப்பை எனக்கு அனுப்பி வைப்பவர் ஒரு யூதப் பெண். எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. நாங்கள் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்துதான் பேசுவோம். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன்.

காஸா போரை எதிர்த்து மாணவர்கள் பல்கலைக்கழகப் புல்வெளியில் கூடாரம் அடித்திருந்த வசந்தகாலம் அது. ஒரு நாள் காலை அவர்களிடமிருந்து நாற்பது பதாகைகளுக்கு ஓர்டர் வந்தது. கோப்பில் மூன்று வாசகங்கள் இருந்தன. ஒன்று, போரை நிறுத்தச் சொன்னது. இன்னொன்று, பல்கலைக்கழகம் ஆயுதக் கம்பெனிகளில் முதலிடுவதைக் கண்டித்தது. மூன்றாவது, 'நதியிலிருந்து கடல் வரை பாலஸ்தீனம் விடுதலை பெறும்' என்பது.

அவர் அதைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை நீர் பார்க்கிறீரோ? எனக்கு ஏலாது."

இத்தனை வருடத்தில் அவர் ஒரு வேலையையும் என் பக்கம் தள்ளியதில்லை. தேவாலயத்து அட்டைகள், எல்லாக் கட்சிகளின் தேர்தல் துண்டுப்பிரசுரங்கள், எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு செய்தவர். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சட்டத்துக்கு உட்பட்டதென்றால் அடிப்போம், விரும்பாதவர்கள் தொடத் தேவையில்லை என்றார் அவர். நான் கோப்பைத் திறந்து எழுத்துப்பிழை பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. அடிக்கத் தொடங்கினேன்.

மதியச் சாப்பாட்டு நேரம், தன் பெட்டியைத் திறக்காமலே அவர் சொன்னார்: "என்ர மகளும் அங்கதான் இருக்கிறாள்."

"கூடாரத்திலயோ?"

"ஓம். மூண்டு கிழமையாய் நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கேல்லை."

அன்றுதான் தன் குடும்பத்தின் கதையை முழுதாகச் சொன்னார். அவருடைய தாய் லிதுவேனியாவில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். போர்க்காலத்தில், ஏழு வயதில், ஒரு விவசாயியின் உருளைக்கிழங்குக் கிடங்கில் ஒளிந்திருந்து தப்பியவர். பெற்றோரையும் இரண்டு தங்கைகளையும் ஊருக்கு வெளியே காட்டில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது அவரும் அண்ணனும் மட்டும். அகதி முகாமிலிருந்து அண்ணன், அந்த நதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஹைஃபாவுக்குப் போனார். தாயை மொன்றியலில் இருந்த ஒரு தூரத்துச் சொந்தம் கூப்பிட்டுக்கொண்டது. அண்ணனின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் ஹைஃபாவில்தான் இருக்கிறார்கள்.

"அம்மா ஒருநாளும் ஊர்வலம் பார்க்க வந்ததில்லை. கிறிஸ்மஸ் தாத்தா ஊர்வலத்துக்கும் என்னை அயல்வீட்டுச் சனம்தான் கூட்டிக்கொண்டு போனது. கனபேர் சேர்ந்து ஒரே குரலில கத்தினால் அவ யன்னலெல்லாம் பூட்டிப்போடுவா. சனத்தை ஏத்த லொறி வர முந்தி அந்தச் சத்தம்தான் வந்ததெண்டு சொல்லுவா." காய்ந்துகொண்டிருந்த பதாகைகளைக் காட்டினார். "இந்த வசனம் எனக்கு எப்பிடிக் கேட்குது தெரியுமே? மாமாவின்ர பிள்ளைகளை அந்த இடத்தில இல்லாமல் ஆக்குவம் எண்டு கேட்குது. மகளுக்கு அப்பிடிக் கேட்கேல்லை."

நான் என் கதையைச் சொன்னேன். அதில் ஒரு பாதி அவருக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் நாட்டுப் போரின் கடைசி மாதங்களில் என் தம்பி வன்னியில் செல்லடிக்குள் இருந்தான். இங்கே நான் புலிக்கொடியோடு டவுன்டவுனில் ஊர்வலம் போனேன். தெருவோரம் நின்ற ஒருவர் எங்களைப் பார்த்துப் பயங்கரவாதிகள் என்று கத்தினார். அடுத்த நாள் வேலையில், அந்தக் கொடி இல்லாமல் நடக்க முடியாதா என்று இந்தத் தோழி கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தம்பி திரும்பி வரவேயில்லை.

அவருக்குத் தெரியாத மற்றப் பாதி, சில வருடங்களுக்குப் பிறகு புரோசார்ட் புறநகரில் ஒரு கடையில் நடந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முஸ்லிம் பெண் தமிழில் பேச்சுக் கொடுத்தார். யாழ்ப்பாண நகரத்தில் பிறந்தவர். ஒரே ஊர்க்காரர் என்ற சந்தோஷத்தில் நான் ஊர்வலத்தைப் பற்றியும் கொடியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அந்தக் கொடிக்காரர்தான் அக்கா எங்கட சனம் முழுப்பேரையும் ரெண்டு மணித்தியாலத்தில ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னவை. உம்மா என்ர தோட்டைக் கழட்டி அவையளின்ர கையில குடுத்தவ." நான் தம்பிக்காகத்தான் பிடித்தேன் என்றேன். "அது எனக்கு விளங்குது. ஆனா கொடி அதுதானே" என்றார்.

என் தோழி இதைக் கேட்டுவிட்டு, திறக்காத சாப்பாட்டுப் பெட்டியோடு தன் மேசைக்குப் போனார்.

பதாகைகள் காய்ந்து, இரண்டு கட்டாகக் கட்டி முடித்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவர் அன்று சுகமில்லை என்று வரவில்லை. இரண்டு தெரு தள்ளித்தானே, நானே தள்ளுவண்டியில் கொண்டுபோகிறேன் என்றேன். வாசலைத் தாண்டியபோது அவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார்.

வேலிக்கு வெளியே நின்று, ஓர்டரில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி அவருடைய மகள். கழுத்தில் பாலஸ்தீனச் சால்வை. சப்பாத்தெல்லாம் சேறு.

"அம்மா? நீங்களோ இதைச் செய்தது?"

"இல்லை. இவதான் செய்தவ. நான் தொடேல்லை."

மகளின் முகம் இறுகியது. கூட வந்தவன் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"உன்ர வயசில ஹைஃபாவில ஒருத்தி இருக்கிறாள்" என்றார் தாய். "மாமாவின்ர பேத்தி. நதியிலயிருந்து கடல் வரைக்கும் எண்டால், அவள் எங்க போறது?"

"ஒருத்தரும் ஒரு இடமும் போகத் தேவையில்லை. அங்க இருக்கிற எல்லாரும் சமமாய் இருக்கவேணும் எண்டுதான் நாங்கள் சொல்லுறம்."

"அப்ப அதை எழுதுங்கோவன்."

"அங்க ஒவ்வொரு நாளும் பிள்ளையள் சாகுதுகள். நீங்கள் ஒரு வசனத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

எனக்கு அந்தச் சண்டைக்குள் போக விருப்பமில்லை. ஆனால் கேட்டுவிட்டாள். "நானும் ஒரு கொடி பிடிச்சனான். நான் நினைச்சது ஒண்டு, பார்த்தவை கண்டது வேறொண்டு. ரெண்டும் பொய்யில்லை."

"அதுக்காகக் கொடியைக் கீழ வைச்சனீங்களோ?"

"இல்லை. தம்பி உயிரோட இருக்கிறான் எண்டு நம்பின வரைக்கும் வைக்கேல்லை."

அவள் தலையாட்டினாள். மற்றக் கட்டைத் தூக்கிக்கொண்டாள். "ஊத்தை உடுப்பையாவது தோய்க்க வீட்ட கொண்டு வா" என்றார் தாய். அவள் திரும்பிப் பார்க்காமல், சரி என்றாள். நாங்கள் திரும்பி நடந்துவந்தபோது வேலிக்குள் அந்த வசனத்தைச் சொல்லிக் கத்தத் தொடங்கியிருந்தார்கள். தோழி வண்டியின் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கோடையில் கூடாரங்களை அகற்றிவிட்டார்கள். மகள் ஈரமான படுக்கைப் பையோடு வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே சண்டை என்று தோழி வேலையில் சொன்னார். ஆனால் சண்டைக்கு நடுவில், கிடங்கில் ஒளிந்திருந்த கதையை முதல் தடவையாக அவள் முழுதாகக் கேட்டாளாம். கேட்டுக் கொப்பியில் எழுதியும் வைத்தாளாம். எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டாள்: மாமா ஹைஃபாவில் போய் இறங்கிய வீடு அதற்கு முன் யாருடையது?

"எனக்கு அறுபது வயசாகப் போகுது. நான் இதை ஒருநாளும் யோசிச்சதில்லை" என்றார் தோழி. ஹைஃபாவில் இருக்கும் மச்சானுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வர ஒரு மாதம் ஆனது. அதைத் தன் போனில் எனக்குக் காட்டினார். எபிரேயம் எனக்குத் தெரியாது, அவர்தான் வாசித்துச் சொன்னார். வீடு வெறுமையாக இருந்தது என்று அப்பா சொல்வார், குசினியில் அரபு எழுத்துப் போட்ட, மா வைக்கும் தகரப் பேணி ஒன்று இருந்ததாம், அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை என்று மச்சான் எழுதியிருந்தார்.

"மகளுக்குக் காட்டினீரோ?"

"காட்டினன். 'பாத்தியளே, நான் வெண்டிட்டன்' எண்டு சொல்லுவாள் எண்டு நினைச்சன். அப்பிடிச் சொல்லேல்லை. கன நேரம் எனக்குப் பக்கத்தில இருந்தவள்."

அந்த வசனத்தைப் பற்றித் தாயும் மகளும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மகள் அதைச் சொல்வதை விடவில்லை. தாய்க்கு அது இப்போதும் முன்பு கேட்டதுபோலத்தான் கேட்கிறது. போன மாதம் மகள், ஹைஃபாவில் இருக்கும் மாமாவின் பேத்தியை அழைத்திருக்கிறாள். முதல் அழைப்பு பத்து நிமிடத்தில் சண்டையில் முடிந்தது. அடுத்த கிழமை ஹைஃபாவிலிருந்து அந்தப் பேத்தியே திருப்பி அழைத்தாளாம். அது ஒரு மணித்தியாலம் போனது.