வெங்கடலட்சுமி முகர்ந்து சொன்னது

ஆந்திர எல்லையில் குடுபல்லிப் பக்கத்தில் ஒரு குடும்பம் திராட்சை போட்டு வெள்ளை வைன் செய்தது என்று சொன்னால், இப்போது அந்தப் பக்கத்து ஆட்களே நம்பமாட்டார்கள். ஆனால் ஒன்பது வருஷம் அது நடந்தது. நடத்தியவர்கள் துலுக்காணமும் அவன் மனைவி வெங்கடலட்சுமியும்.

துலுக்காணத்தின் அப்பா காலம்வரை அவர்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. இருபது வயதில் பெங்களூர் பக்கம் ஒரு பெரிய வைன் கம்பெனிக்குத் தொட்டி கழுவப் போனான். கழுவுகிற வேலை என்றாலும் கண்ணும் காதும் சும்மா இருக்கவில்லை. பதினோரு வருஷத்தில் எல்லாம் கற்றுக்கொண்டான். சர்க்கார் கொடுத்த பட்டா நிலம் இரண்டரை ஏக்கர் கைக்கு வந்ததும், வெள்ளைத் திராட்சைக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். சின்ன அளவில் வைன் செய்ய லைசென்ஸ் வாங்க நாலு வருஷம் சித்தூருக்கு அலைந்தான். மூடிப்போன பால் சென்டர் ஒன்றிலிருந்து பால் குளிர வைக்கிற ஸ்டீல் தொட்டிகள் இரண்டை வாங்கி வந்து, தகரக் கொட்டகைக்குள் நிறுத்தினான்.

வெங்கடலட்சுமிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. அவளுடைய நைனா சாராயத்தில் செத்தவர். கொட்டகை எழும்பிய அன்றைக்கு அவள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஆனால் முதல் வருஷமே ஒரு நாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கொட்டகையைக் கடந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னாயா, ரெண்டாவது தொட்டியில அழுவின முட்ட வாசன வருது?"

துலுக்காணம் மூடியைத் திறந்து முகர்ந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள்தான் தெரிந்தது. முற்றுவதற்குள் கவனித்ததால் தொட்டி தப்பியது. அதிலிருந்து அவள் முகர்ந்து பார்க்காமல் அங்கே எதுவும் நடக்காது. ஒரு சொட்டும் நாக்கில் படவிடமாட்டாள். டம்ளரை மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடுவாள். "இது பச்சக் கொய்யா வாசன. இன்னும் நாலு நாளு போவட்டும்" என்பாள். சரியாக இருக்கும்.

அவர்களுடைய வைன் முழுவதையும் வருஷாவருஷம் எடுத்துக்கொண்டவர் ஆதிநாராயணன். சித்தூர் பக்கம் புத்தலப்பட்டுக்காரர், பெங்களூரில் பெரிய ஓட்டல் வைத்திருந்தார். வந்ததும் முதலில் அவளைத்தான் கேட்பார். அவள் நல்லா வந்திருக்கு என்று சொன்ன பிறகுதான் வாயில் வைப்பார்.

2015-இல் மழை வந்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் போர்வெல் ஒவ்வொன்றாக வறண்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து கொடிகளைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அக்டோபரில் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்து, நவம்பரில் பூ பிடித்த நேரம் பார்த்து வானம் திறந்துகொண்டது. பதினெட்டு நாள் விடவில்லை. பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்தார்கள். அடித்த சாயங்காலமே மழை கழுவிப் போனது. திரும்ப அடித்தார்கள். இலைகளின் அடியில் வெள்ளைப் பூஞ்சை பஞ்சுபோலப் படர்ந்தது. பூங்கொத்துகள் பழுப்பாகிக் கையில் உதிர்ந்தன. பாதித் தோட்டம் மொட்டையாக நின்றது.

மிச்சத்தைக் காப்பாற்றி மாசி வரைக்கும் கொண்டுவந்தார்கள். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பருவம் தப்பி இன்னொரு மழை அடித்தது. பழுத்த பழமெல்லாம் தோல் வெடித்தது. தோட்டம் முழுக்கப் புளித்த வாடை, சின்னச் சின்ன ஈக்கள்.

மகன் கிரண்குமார் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் செல்போன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் லீவு போட்டு வந்து இறங்கினான். மூன்று பேரும் கத்தரியோடு இறங்கினார்கள். வெங்கடலட்சுமி ஒவ்வொரு கொத்தையும் தூக்கிப் பிடித்து முகர்ந்தாள். நல்லது ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், கெட்டது இன்னொன்றில். கடைசியில் எண்ணிப் பார்த்தால் நல்லது முப்பத்தெட்டு பெட்டி, கெட்டது எழுபதுக்கு மேல்.

"இத எரு குழியில கொட்டிடு" என்று கெட்டதைக் காட்டினாள்.

"இதக் கொட்டிட்டா இன்னா மிஞ்சும்?" என்றான் துலுக்காணம். "தொட்டியில கால்வாசிகூட ரொம்பாது."

"ரொம்பாட்டி போவுது. நல்லது கொஞ்சமா இருந்தா போதும்யா."

அவன் கெட்ட பழம் ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். அவள் சோறு ஆக்கப் போனாள். சாப்பிட்டுப் படுத்தவள் விடிந்து வந்து பார்த்தபோது பெட்டிகள் எல்லாம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. பழம் பிழிகிற மரச்செக்கு ஈரமாக இருந்தது. கிரண்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் எரு குழிக்குப் போய்ப் பார்த்தாள். அதில் போன வாரத்துச் சாணம்தான் கிடந்தது.

"எல்லாத்தையும் கலந்துட்டியா?"

"கெடாம இருக்கற மருந்து கூட ரெண்டு பங்கு போட்டுக்கீறேன். ஒண்ணும் ஆவாது."

அவள் அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்தாள். அவனைத் திட்டவில்லை. ஒன்பது வருஷம் அவள் சொன்னதை ஒருமுறைகூட அவன் தட்டியதில்லை. இன்றைக்குத் தட்டினான் என்றால் எவ்வளவு பயந்து போயிருப்பான் என்று அவளுக்குப் புரிந்தது. அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

பன்னிரண்டாவது நாள் தொட்டியைத் திறந்தாள். வினிகர் மாதிரிக் காடி வாசனை. அதற்கு அடியில் நகத்துக்குப் பூசுகிற பாலிஷ் வாசனை. மூடியை மெதுவாக மூடினாள்.

"போச்சுயா."

"சும்மா இரு. எனக்கு ஒண்ணும் தெரியல. ஐஸ்ல வெச்சுக் கொடுத்தா யாருக்கும் தெரியாது." அவன் மூடியை இன்னும் இறுக்கினான். "லட்சுமி, ஓட்டல்காரரு வந்து கேட்டா நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லு. ஒரே ஒரு வருசம். அடுத்த கவாத்து வரைக்கும் நாம தாக்குப் புடிச்சா போதும்."

அந்த மாதம் முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை. நல்லா இருக்கு என்றே சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பாள். கொட்டகைப் பக்கம் போனால் அந்த வாசனை மூக்கில் ஏறும்.

சித்திரையில் ஆதிநாராயணன் வந்தார். டம்ளரைக் கையில் வாங்கி, வழக்கம்போல அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, இந்த வருஷம் மழ ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன். எப்படி வந்திருக்கு? நீங்க சரின்னா நான் வண்டிய வரச் சொல்றேன்."

துலுக்காணம் பம்ப்செட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேணாம் சார்" என்றாள். "கெட்டுப் போச்சு."

"எப்படிம்மா?"

"மழ சார்."

கெட்ட பழத்தைக் கலந்ததை அவள் சொல்லவில்லை. ஆதிநாராயணன் டம்ளரை முகர்ந்தார், கீழே வைத்தார். "அடுத்த வருஷம் பார்ப்போம்மா" என்றார். நல்ல மனிதர், மனசாரத்தான் சொன்னார். கார் போன பிறகு துலுக்காணம் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து எக்சைஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, கெட்ட வைனைக் கொட்டிவிட அனுமதி தந்து கையெழுத்துப் போட்டார். அவர் பார்த்திருக்க, வெங்கடலட்சுமிதான் குழாயைத் திறந்துவிட்டாள். மஞ்சளும் வெள்ளையுமாக அது வாய்க்காலில் ஓடியது. துலுக்காணம் வெளியே வரவே இல்லை.

அடுத்த வருஷம் வரவில்லை. இலை இல்லாமல் நின்ற கொடிகளுக்குத் தெம்பில்லை. கோடைக் கவாத்துக்குப் பிறகு பாதிக்கு மேல் துளிர்க்கவில்லை. வைகாசியில் மிச்சமிருந்த ஒரே போர்வெல்லும் நின்றது. லைசென்ஸைப் புதுப்பிக்கத் துலுக்காணம் போகவில்லை. அந்த மாதங்களில் அவன் அவளோடு பேசியது, சோறு போடு, தண்ணி கொடு, அவ்வளவுதான். ஆடியில் ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு மகனிடம் போனான். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. தொட்டியும் திராட்சையும் தெரிந்த ஆளுக்கு அங்கே லாரி நம்பர் எழுதுகிற வேலை.

வெங்கடலட்சுமி தக்காளித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனாள். கிரண்குமார் போனில் கூப்பிடுவான்.

"இங்கயே வந்துடும்மா. ரூம் கீது."

"உங்க நைனா கூப்பிட்டாரா?"

அவன் பேச்சை மாற்றுவான்.

பொங்கலுக்குத் துலுக்காணம் வந்தான், திராட்சைக் கொடி படர நட்டிருந்த பந்தல் கல்தூண்களைப் பிடுங்கி விற்க. மூன்று நாளில் இருவருமாக எல்லா வரிசையையும் முடித்தார்கள். கடைசிக் கல்லின் இரண்டு முனையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தபோது அவன் பேசினான்.

"நீ சொல்லாம இருந்திருந்தா, இன்னும் ஒரு வருசம் ஓட்டியிருக்கலாம்."

"ஓட்டியிருக்கலாம்" என்றாள் அவள்.

கல்லை டிராக்டரில் ஏற்றினார்கள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, மதியப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். அவள் சொன்னாள். சோறு துன்னுட்டுப் போ என்றும் சொன்னாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு போய்விட்டான். இரண்டரை ஏக்கரும் குழிகுழியாகக் கிடந்தது. அவள் மண்வெட்டியை எடுத்து, வாசல் பக்கம் இருந்த குழியில் மண்ணைத் தள்ளி மூட ஆரம்பித்தாள்.