புளிமுள மதம்

புதுக்கடை சந்திப்பில் ஒரு கேமிங் சென்டரில்தான் அந்த நர்ஸ் அக்காவைப் பார்த்தேன். குவைத்திலிருந்து லீவுக்கு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, மடியில் ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலம்.

கம்ப்யூட்டரில் நாங்கள் நான்கு பேர், ஆளுக்கொரு நாடு. அந்த விளையாட்டில் படையெடுத்தும் ஜெயிக்கலாம், மதம் பரப்பியும் ஜெயிக்கலாம். நான் பீரங்கிகளாகச் செய்து குவித்தேன். அக்கா ஒரு மதம் தொடங்கி, அதற்குத் தன் வீட்டு மீன்குழம்பின் பெயரை வைத்தார்: புளிமுளம். ஒவ்வொரு நகரமாக மதம் மாறியபோதும் "ஸ்தோத்திரம்" என்று மெல்லச் சொல்லி, நகரத்தைப் பறிகொடுத்தவருக்கு ஒரு சிப்ஸை நீட்டினார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

கடைசியில் என் தலைநகரம் மட்டும் மிச்சம். அந்த சென்டரில் நான் அதுவரை தோற்றதே இல்லை. அக்காவின் பிரசங்கியார் ஒருவர் வெறுங்கையோடு நடந்து வந்தார். என் பீரங்கிகள் வழியை அடைத்து நின்றன.

"ஒத்தைக்கு வாராருல்லா மக்கா. கொஞ்சம் மாறிக் குடுப்பியா?" என்றார் அக்கா.

"அக்கா, இது சண்டையாக்கும்!"

"சண்டைய யாரு வேண்டாம்னா? அவரு உள்ள போன பொறவு போடு."

மற்ற இருவரும் மேசையைத் தட்டி, "விடுல, விடுல" என்று கத்தினார்கள். நான் ஒரு பீரங்கியை ஓரமாக நகர்த்தினேன். பிரசங்கியார் உள்ளே போனார். என் ஊரே புளிமுளமானது. நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

ஏன் நகர்த்தினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. என் தலைநகரத்துக்கு முன்பே நான் மதம் மாறிவிட்டிருக்க வேண்டும்.