மொட்டைக் கழுத்துச் சேவலும் முனியாண்டியும்

கோழி வளர்ப்பில் ஒரு விதி உண்டு: மத்தியான வெயிலில் கோழி கத்தினால் பயமில்லை, கத்தாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றால்தான் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நாலு கோழியை வைத்துக்கொண்டு, மேகம் வருமா என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப்போன சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கோல சிலாங்கூரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது எங்கள் வீடு. முட்டையும் குஞ்சும் விற்கிறேன். நம் ஊர் வெயிலுக்குச் சாகாத கோழிகளாகப் பெருக்கிவிட வேண்டும் என்று மல்லுக்கட்டியதில் நான் பட்ட பாடுதான் இது.

காலில் கம்பளி போட்டவர்கள்

என் வீட்டுக்காரருக்குக் கைப்பேசியில் கோழி பார்ப்பது பொழுதுபோக்கு. அப்படிப் பார்த்து மயங்கி, கால்விரல் வரைக்கும் இறகு மூடிய பெரிய ஜாதிக் கோழிகளை வாங்கி வந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அவற்றின் கொண்டையைத்தான் பார்த்தேன். கோழிக்கு வியர்க்காது. கொண்டை, தாடி, இறகில்லாத தோல், இவற்றின் வழியாகத்தான் சூடு இறங்க வேண்டும். இவற்றுக்கோ கொண்டை குன்றிமணி அளவு, உடம்பெல்லாம் கம்பளி.

மழை நின்றதும் நான் பயந்தது நடந்தது. விசிறி வைத்தேன், குடிக்கிற தண்ணீரில் ஐஸ் போட்டேன், சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. கடைசிக் கோழி என் மடியிலேயே போனது. நான் வாய்விட்டு அழுதேன். வீட்டுக்காரர் கைப்பேசியைத் திறந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "போட்டோல பாக்கறப்போ நல்லாத்தான்லா மூச்சு விட்டுச்சுங்க!"

பாரிட் ஓரத்து மாப்பிள்ளை

தஞ்சோங் காராங்கில் பாக் டின் என்ற மலாய்க்காரர் நெல் போடுகிறார். அவர் வீட்டுப் பாரிட் வாய்க்கால் ஓரத்தில் ஒரு சேவலைப் பார்த்தேன். உச்சி வெயில். மற்ற கோழிகள் எல்லாம் வாழைக்கு அடியில் இறக்கையை விரித்துக்கொண்டு இளைக்கின்றன. இவன் மட்டும் வரப்பின் நடுவில் நின்று கூவுகிறான். தலையில் மடிந்து விழும் பெரிய சிவப்புக் கொண்டை. ஒட்டின இறகு. நீளக் கால். கழுத்தில் மட்டும் ஒரு இறகு கிடையாது. பச்சை மிளகாய் பழுத்த மாதிரி சிவந்த வெறும் தோல்.

இவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதிகம் ஆசைப்படுவதுபோல் காட்டிக்கொள்ளாமல் கேட்டேன். என்னிடம் இருந்த நல்ல முட்டைக்கோழி ஒன்றைக் கொடுத்து இவனை வாங்கிக்கொண்டேன். கூடைக்குள் விடும்போது பாக் டின் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். அக்கா, கழுத்து அழகில்லை, ஆனால் வெயில் தாங்குவான் என்று அர்த்தம் வரும்படி அவர் மலாயில் சொன்னது இதுதான்: "காக், லெஹெர் தாக் சந்தேக், தாப்பி தாஹான் பானாஸ்!"

மொட்டைக்குக் குளியல்

அவனுக்கு மொட்டை என்றே பெயர் வைத்தோம். வெயில் ஏறினால் எல்லாக் கோழிக்கும் கொண்டையிலும் கழுத்திலும் தண்ணீர் விடுவது என் வழக்கம். மற்றவை சிலிர்த்து உதறி என்னை நனைத்துவிட்டு ஓடும். மொட்டை ஓடமாட்டான். கழுத்தை நீட்டி, கண்ணைச் செருகி, போதும் என்று நான் சொல்லும்வரை நிற்பான். தினம் தினம் இந்தச் சேவகம்.

சாப்பாட்டுக்கடை காதர் பாய் ஒருநாள் குஞ்சு கேட்டு வந்தவர் இந்தக் குளியலைப் பார்த்துவிட்டார். அடுத்த ஈட்டுக் குஞ்சுகள் இவனுடையவைதான், பாதிக்காவது இதே கழுத்து வரும், வெயிலுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் குனிந்து மொட்டையின் கழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மா சரசு, பாதி உரிச்சிட்டு மீதிய மறந்துட்டியா?"

உலு யாமிலிருந்து ஒரு யோசனை

யாரும் சிரித்துவிட்டுப் போகட்டும், குஞ்சு பொரிந்தால் வாய் அடைத்துவிடும் என்று இருந்தேன். பொரியவில்லை. முதல் அடை ஜிங்க் தகரக் கூரைக்குக் கீழே வைத்தது. அத்தனையும் கூமுட்டை. இரண்டாவது அடையைச் சுவரோரம் வைத்தேன். பியாவா உடும்பு வந்து முட்டையோடு அடைக்கோழியின் வாலையும் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்குள் வெயில் முற்றி, கோழிகள் முட்டை இடுவதையே நிறுத்திவிட்டன. மொட்டைக்கு வயதாகிக்கொண்டிருந்தது, வாரிசு ஒன்றுகூட இல்லை. பாக் டினிடமும் இந்த ஜாதியில் வேறு சேவல் இல்லை.

உலு யாமில் என்னைப்போலவே கோழி வளர்க்கும் சாந்திக்கு வீடியோவில் கூப்பிட்டுப் புலம்பினேன். கூண்டைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கூரையைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மொதல்ல அங்க நீ செத்த நேரம் குந்திப் பாருடி, அப்புறம் கோழியக் குந்த வை!"

மஞ்சள் கயிறு

சாந்தி சொன்னபடி மாமரத்தடியில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, வலை அடித்து, மழைக்காகக் காத்திருந்தேன். மழைக்கு முன்னால் என் நாத்தனார் பார்வதி அக்கா வந்தார். அவர் கணவருக்கு, எனக்கு அண்ணன் முறை, டெங்கி வந்து, பிழைப்பாரா என்று குடும்பமே ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தது. அண்ணன் தேறிவிட்டார். அக்கா நேராக என் கூண்டுக்குப் போய், மொட்டையைப் பிடித்து, காலில் மஞ்சள் கயிறு கட்டினார். ஆபத்து நேரத்தில், சரசு வீட்டில் இருப்பதிலேயே நல்ல சேவலைத் தருகிறேன் என்று தோட்டத்து முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாராம். திருவிழாவில் வெட்ட வேண்டும்.

நேர்ந்த சேவலை மாற்றக்கூடாது. மாற்றிவிட்டு நாளை அண்ணனுக்குத் தலைவலி வந்தால்கூட என் தலையில்தான் விடியும். இருந்தாலும் விடமுடியவில்லை. "அக்கா, அந்தச் செவலைச் சேவல் இன்னும் கனமா இருக்கே" என்று இழுத்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தந்திரம் ஒன்றும் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "இருக்கறதுலயே நல்லது இதுதான்னு நீதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே?"

உத்தரவு

திருவிழா அன்று அனல். எங்கள் கோவிலில் சேவலைச் சும்மா வெட்டிவிடமாட்டார்கள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் கத்தி. செம்பனை லோரி ஓட்டும் ராமையா அண்ணன்தான் பூசாரி. பார்வதி அக்கா மொட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் கழுத்தில் தண்ணீரைத் தெளித்தார். மொட்டை கழுத்தை நீட்டினான். கண்ணைச் செருகினான். அசையாமல் நின்றான்.

இன்னொரு முறை தெளித்தார். உறுமி உச்சத்துக்குப் போனது. மொட்டை இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டினான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "உதறுடா சாமி, உதறுடா" என்று அக்கா கெஞ்சினார். உதறாதேடா என்று நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். ஒரே சாமியிடம் இரண்டு பேரும். மூன்றாவது தடவை செம்பையே கவிழ்த்தார். சொகுசாக நின்றான். உறுமி நின்றது. அக்காவின் முகம் வெளுத்தது. "ஐயாவுக்கு எங்க மேல என்னமோ கோவம்" என்று விம்மினார். பக்கத்தில் அண்ணன், டெங்கியில் உருகிய உடம்போடு, சட்டை தொளதொளக்க நின்றார். அவர் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சேவல் எனக்கு. ஆனால் அந்தப் பிடியைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. "கோவமெல்லாம் இல்லக்கா. தினம் மத்தியானம் நான் இவன் கழுத்துல தண்ணி ஊத்தறேன். பழகிப்போச்சு. கழுத்துல இறகும் இல்ல, அதான் உதறல" என்று கத்திவிட்டேன். மொட்டையின் ஆயுள் என் வாயால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கத்தி ராமையா அண்ணன் கையிலேயே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார், முனியாண்டியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பார்வதி அக்கா கணவர் நெற்றியில் திருநீறு பூசினார். அக்கா நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். மொட்டையின் காலிலிருந்து மஞ்சள் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்துக்கொண்டே பூசாரி சொன்னார்: "உத்தரவு இல்லன்னா இல்லதான். அடுத்த வருசம் இவன் குஞ்சுல ஒண்ணு கொண்டாந்து குடுங்க, ஆனா கழுத்துல முடி இருக்கறதா பாத்துக் கொண்டாங்கலா, அதுவாவது உதறும்!"

இப்போது மழை பிடித்து, மாமரத்தடியில் மொட்டையின் குஞ்சுகள் பாதி வெறுங்கழுத்தோடும் பாதி இறகோடும் மேய்கின்றன. வெயிலுக்கு ஆகாது என்று நான் கழித்துவிட வேண்டிய இறகுக் கழுத்துக் குஞ்சுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கும் ஒரே வாடிக்கையாளர் முனியாண்டிதான்.