தராசு வீசிய இரண்டு வாளி

அவரை எல்லாரும் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். மாட்டுப் பண்ணையில் இருபது வருஷமாக எடைமேடை அவர் பொறுப்பு. மாடு மேடை ஏறுமுன்பே கண்ணால் பார்த்துக் கிலோவைச் சொல்லிவிடுவார்; முள் அப்புறம்தான் ஒத்துக்கொள்ளும். வீட்டிலும் அதே புத்தி.

"ரெண்டு கிலோ எறங்கிட்ட. சரியா சாப்பிடுறியா இல்லியா?"

"ஏன், என்னையும் லாரியில ஏத்தப் போறீங்களா?" என்பாள் மனைவி.

பண்ணையில் ஒரு கம்பி வேலி, இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம். ஒரு பக்கம் புல்லும் யூரியாவும். யூரியாவை அங்கே உப்பு என்பார்கள். மறுபக்கம் புல்லோடு பயறுக் கொடி. மண்ணுக்கு வேண்டிய சத்தைக் கொடியே வேரில் சேர்த்துக்கொடுக்கும், உப்பே வேண்டாம் என்று பேச்சு. இரண்டிலும் இருபது இருபது கறிமாடுகள், மூன்று வருஷப் பரிசோதனை. கொடிப்பக்கத்து மாடுகள் சரிக்குச் சரி தேறினால் கொடி நிற்கும். இல்லையென்றால் உழுதுவிடுவார்கள். அந்தக் கொடியை விதைத்தவர் தராசு. முளை விட்ட அன்று வீட்டுக்குப் போய், பிள்ளை பிறந்த மாதிரி சொன்னாராம்.

கொடி மெதுவாகத்தான் படர்ந்தது. முதல் வருஷம் உப்புப்பக்கத்து மாடுகள் தலைக்குப் பதினாறு கிலோ முன்னால் நின்றன. உப்பு மூட்டை தூக்கும் கட்டையன் சும்மா இருப்பானா?

"என்ன தராசண்ணே, உங்க பிள்ளைங்க பட்டினியா?"

சுருக்கென்று தைத்தது. அந்த மழைக்காலம் முழுக்க, மிச்ச உப்பைத் தினம் இரண்டு வாளி அள்ளி, யாரும் பார்க்காமல் வேலி தாண்டிக் கொடிப்பக்கம் வீசினார். புல் எகிறியது. அந்த மாத எடையைப் பார்த்துவிட்டு மேடையிலேயே விசிலடித்தார்.

கொடிக்குத்தான் மூச்சு முட்டியது. உப்பு தின்ற புல் இடுப்புயரம் வளர்ந்து அதன் வெயிலை மறைத்துவிட்டது. கோடை வந்தது, புல் காய்ந்து கம்பியானது. பச்சையாக நின்று மாட்டைக் காப்பாற்ற வேண்டிய கொடியைக் காணோம். மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

பரிசோதனையைக் கவனிக்கும் அதிகாரி அம்மா வந்து குச்சியால் புல்லை விலக்கித் தேடினார்.

"இந்த மண்ணுக்குக் கொடி ஒத்துவரல போல. அப்படியே எழுதிடுறேன்."

வாயைத் திறந்தால் வேலை போகும்.

"கொடி மேல பழி போடாதீங்கம்மா. உப்பு போட்டது நான்."

"எவ்வளவு போட்டீங்க?"

இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தராசு சொன்னார்: "எடை போடலீங்க."

எவ்வளவு என்று தெரியாததை வைத்து எதையும் எழுத முடியாது என்றார் அம்மா. மூன்று வருஷப் பரிசோதனையைப் பாதியிலேயே முடித்தார்கள். நாற்பது மாடும் லாரி ஏறின. அவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கணக்கை முடிக்க வந்த அன்று டிராக்டர் உழுதுகொண்டிருந்தது. அவர் வீச்சு எட்டாத கடைசி மூலையில் மட்டும் கொடி முழங்கால் உயரம், கொழுகொழுவென்று. டிராக்டர் அங்கேயும் போனது.

"நீங்கதான் இப்ப எறங்கிட்டீங்க. எத்தனை கிலோ இருக்கும்?" என்று மனைவி கேட்டாள்.

"கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றார் தராசு.